நாற்பத்து மூன்றாவது பெயர்வெளி

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுவது. நான் நலம். நீங்களும் அண்ணனும் சௌக்கியமா? கால் வீக்கம் எப்படி இருக்கிறது? வார்டில்தான் நாள் முழுக்க நிற்கிறீர்கள், வீட்டிலாவது உட்காருங்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். எட்டு மணி நேரம் திரையை முறைத்துவிட்டு வந்து, உங்களோடும் ஒரு திரை வழியாகப் பேசப் பிடிக்கவில்லை. போன் செய்தால் அண்ணன் பிடுங்கிக்கொண்டு அறிவுரை மழை பொழிகிறான். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

புது வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேசவைக்கிறது. டாக்டர் எழுதுவது மருந்தகத்துக்கும் வார்டுக்கும் போக வேண்டுமல்லவா, அதற்கான வெப் சர்வீஸ். நான் புரோகிராம் எழுதுவதில்லை. மற்றவர்கள் எழுதியதைப் படித்து, அதற்கு விளக்கம் எழுதுகிறேன். அந்த விளக்கத்தைப் பார்த்து இன்னொரு ஊரில் இன்னொருவர் அடுத்த புரோகிராமை எழுதுவார்.

‘நேம்ஸ்பேஸ்’ என்று ஒன்று. தமிழில் பெயர்வெளி என்கிறார்கள். நம் வீட்டில் ‘பெரியவர்’ என்றால் அப்பா. உங்கள் பிறந்த வீட்டில் ‘பெரியவர்’ என்றால் உங்கள் தாய்மாமா. மொட்டையாக ‘பெரியவர் கூப்பிட்டார்’ என்றால் யாரிடம் ஓடுவது? அதனால் கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் எக்ஸ்எம்எல் செய்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் அது எந்த வீட்டுச் சொல் என்று சேர்த்தே அனுப்புகிறார்கள். பார்க்க இணைய முகவரி போலவே நீளமாக இருக்கும். தட்டிப் பார்த்தால் எதுவும் திறக்காது. வெறும் அடையாளம்தான். இப்படி நாற்பத்து மூன்று இருக்கின்றன. ஒன்றுக்குக்கூட யாரும் விளக்கம் எழுதி வைக்கவில்லை. என் தலையில் கட்டிவிட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள்.

அன்புடன்,
வாலு

*

மார்ச் 16

அன்புள்ள வாலுக்கு,

ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். என் கால் என் சொல்லையே கேட்பதில்லை, உன் சொல்லையா கேட்கும்? உன் அண்ணன் குறட்டையில் பக்கத்து வீட்டுக்காரர் கட்டிலை வேறு அறைக்கு மாற்றிவிட்டாராம். அவரே சொன்னார்.

நீ எழுதியதில் பாதி புரிந்தது. குழந்தைகள் வார்டில் இருபத்திரண்டு வருடமாக நாங்கள் செய்வதும் அதுதானே? பிறந்த குழந்தைக்குப் பெயர் ஏது? இன்னாருடைய குழந்தை என்று கையில் பட்டை கட்டுவோம். அம்மா பெயர் சேராமல் ஒரு குழந்தையை நான் தொட்டதே இல்லை. இதற்குப் போய் இவ்வளவு நீள முகவரியா? எங்களைக் கேட்டிருந்தால் ஒரு துண்டு டேப்பில் முடித்துக் கொடுத்திருப்போம்.

எங்களுக்கும் அடுத்த மாதம் புதுக் கம்ப்யூட்டர் வருகிறதாம். டாக்டர் கையால் எழுதும் கேஸ் ஷீட் எல்லாம் போய்விடுமாம். மேட்ரன் இப்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

சாப்பாட்டு வேளையில் சாப்பிடு. வேலை எங்கும் ஓடிப்போகாது.

அன்புடன்,
அண்ணி

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நலமறிய ஆவல். டேப் விஷயத்தை ஆபீசில் சொன்னேன். எங்கள் புரோகிராமர், தாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், வயிறு குலுங்கச் சிரித்தார். “உங்க அண்ணியை நம்ம கம்பெனியில சேத்துடலாம்ங்க” என்கிறார்.

நாற்பத்து மூன்றையும் முடித்துவிட்டேன்! வெள்ளிக்கிழமை கடைசி நாள். மத்தியானம் வரை நாற்பத்திரண்டுதான் ஆகியிருந்தது. எங்கள் மேலாளர், இவருக்குப் பட்டப்பெயர் கடிகாரம், அரை மணிக்கு ஒருதரம் வந்து பின்னால் நின்றார். கடைசி ஒன்றைப் பற்றிக் கேட்க வேண்டிய ஆள் தாடி. அவர் லீவு, போனும் எடுக்கவில்லை. அது ஒரு பழைய முகவரியின் புதுப் பதிப்பு. கடைசியில் வருடம் மட்டும் மாறியிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே. பிறகென்ன, பழையதற்கு எழுதியதை எடுத்து ஒட்டி, வருடத்தை மாற்றி, ஐந்து மணிக்கு அனுப்பிவிட்டேன்.

கடிகாரம் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் பெயர் இருக்கிறது அண்ணி. நான் எழுதியதை ஏதோ ஒரு ஊரில் யாரோ நம்பி வேலை செய்வார்கள் என்று நினைத்தால் கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கிறது. எந்தெந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. எங்களிடம் எல்லாம் எண்கள்தான்.

அண்ணனுக்கு என் அன்பு. குறட்டைக்கு என் கண்டனம்.

அன்புடன்,
வாலு

*

ஏப்ரல் 24

அன்புள்ள வாலுக்கு,

சுகம். நீயும் சுகமாயிருப்பாய். பாராட்டு வாங்கியதில் எனக்கும் சந்தோஷம். உன் அண்ணன் உன் கடிதத்தைத் தன் ஆபீசில் எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்திருக்கிறார்.

புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எந்தக் கட்டிலுக்கு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை வேளை என்று எல்லாம் திரையில் வருகிறது. டாக்டர் கையெழுத்தைப் படிக்கும் தொல்லை விட்டது. ஆனால் நான் இன்னும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஊசி எடுப்பதில்லை. பழக்கம்.

ஏழாம் கட்டிலில் ஒரு வாண்டு. ஒன்றரை வயது. தையற்காரியின் மகன். கடுமையான தொற்று. ஊசி போட்டாலும் அழமாட்டான், முறைப்பான். என் சாவிக்கொத்துச் சத்தம் வராந்தாவில் கேட்டால் போதும், தலையைத் திருப்பிச் சிரிப்பான். அவன் அம்மா, “எங்களைவிட உங்களைத்தான் தேடுறான் சிஸ்டர்” என்கிறாள்.

நேரமாகிறது. மீதி அடுத்த கடிதத்தில்.

அன்புடன்,
அண்ணி

*

மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் எப்படி? ‘மீதி அடுத்த கடிதத்தில்’ என்று எழுதிவிட்டு ஆளையே காணோமே. போன் செய்தால் அண்ணன், “குளிக்கிறா”, “தூங்குறா” என்கிறான். ஒரு மனுஷி எத்தனை தடவை குளிப்பாள்? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

ஏழாம் கட்டில் வாண்டு வீட்டுக்குப் போய்விட்டானா?

இங்கே வேலை மந்தம். கடிகாரமும் தாடியும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள். எனக்கு என்ன வந்தது, நான் அடுத்த ஆவணத்தை ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

அன்புடன்,
வாலு

*

மே 30

வாலுக்கு,

சுகம். நீ தப்பாக ஒன்றும் எழுதவில்லை. இடுப்பு வலி, லீவு போட்டிருக்கிறேன். அவ்வளவுதான். அந்தக் குழந்தை வீட்டுக்குப் போய்விட்டான்.

ஒன்று கேட்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு நாள் தெரிந்த எழுத்து மறுநாள் வேறு மாதிரி தெரியுமா? அப்படி நடக்க வழி உண்டா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இதற்காகப் போன் செய்யாதே.

அண்ணி

*

ஜூன் 9

தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நலமாயிருக்கிறாயா? எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உனக்குச் சொல்லக் கூடாது என்று உன் அண்ணி சத்தியம் வாங்கியிருக்கிறாள். மீறிவிட்டேன்.

அவளுக்கு இடுப்பு வலி எதுவும் இல்லை. மே எட்டாம் தேதியிலிருந்து சஸ்பெண்ட் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஏழாம் கட்டில் குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்குமான மருந்து ஒவ்வொரு வேளைக்கும் போயிருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று மடங்கு. ஆறு நாள். அந்த மருந்து அதிகமானால் காதைத் தாக்குமாம். குழந்தை பிழைத்துக்கொண்டான். ஆனால் காது கேட்கவில்லை. உன் அண்ணி வராந்தாவில் வந்தபோது அவன் திரும்பவில்லையாம். தூக்கம் என்று நினைத்தாளாம். கட்டிலருகே போய்ச் சாவியை ஆட்டினாளாம். கண்ணைத் திறந்துகொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தானாம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நாளே அவளுக்குச் சந்தேகம். மருந்தகத்துக்கு இரண்டு தடவை போன் செய்திருக்கிறாள். “கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அனுப்புது சிஸ்டர், நீங்க ஏன் மண்டையை உடைச்சிக்கிறீங்க” என்றிருக்கிறார்கள். புது டாக்டரும் அதையே சொன்னாராம்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. திரையில் ‘ஒரு வேளைக்கு’ என்று இருந்ததாக இவள் சொல்கிறாள். விசாரணையில் திரையைத் திறந்து காட்டினார்கள். ‘நாள் முழுவதற்கும்’ என்று இருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து ஒரு விளக்கத் தாளும் வந்திருக்கிறது. அதிலும் அப்படியேதான். மற்ற நர்சுகளைக் கேட்டால், “ஞாபகம் இல்லை” என்று தலையைக் குனிந்துகொண்டார்களாம். தவறு முழுக்க இவள்மேல் வந்துவிட்டது.

நேற்று என்னிடம், “எனக்குப் புத்தி பிசகிடுச்சாங்க? இல்லாததைப் பாத்தேனா?” என்று கேட்டாள். இருபத்திரண்டு வருட சர்வீஸ்.

உன் வேலை கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது. இப்படி மாற வாய்ப்பு உண்டா என்று விசாரித்துச் சொல். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

அண்ணன்

*

ஜூலை 15

அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும். அண்ணனைத் திட்டாதீர்கள்.

உங்களுக்குப் புத்தி பிசகவில்லை. திரையில் ‘ஒரு வேளைக்கு’ என்றுதான் இருந்தது. நீங்கள் பார்த்ததுதான் உண்மை. இதை முதலில் படித்துவிடுங்கள். மீதியைப் படித்த பிறகு என் கடிதத்தைக் கையில் வைத்திருக்க உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

அண்ணன் கடிதத்தில் ‘மூன்று மடங்கு’ என்ற சொல்லைப் படித்தபோது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். இறங்க வேண்டிய இடம் போனதுகூடத் தெரியவில்லை. ‘அளவு’ என்ற சொல் எங்கள் ஆவணத்தில் இரண்டு பெயர்வெளிகளில் வருகிறது. பழையதில் அது ஒரு வேளைக்கான மருந்து. புதியதில் நாள் முழுவதற்குமான மருந்து. பெயர் ஒன்று, பொருள் வேறு. அதனால்தான் புது முகவரியே உண்டாக்கினார்கள். அந்தப் புதிய முகவரிதான் நாற்பத்து மூன்றாவது. ஏப்ரலில் உங்களுக்குக் கர்வமாக எழுதினேனே, பழையதை எடுத்து ஒட்டி ஐந்து மணிக்கு அனுப்பிவிட்டேன் என்று. அதேதான். நான் எழுதிய பக்கத்தை நம்பித்தான் உங்கள் வார்டுத் திரையின் புரோகிராமை ஒருவர் எழுதியிருக்கிறார்.

மறுநாள் ஆபீசுக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். சரியாக இருந்தது அண்ணி. ‘நாள் முழுவதற்கும்’ என்று அழகாக இருந்தது. அடியில் என் பெயர். ஒரு நிமிடம் நானும் உங்களைப் போலவே நினைத்தேன், எனக்கு என்ன ஆயிற்று என்று. பிறகு பழைய பதிப்புகள் சேமித்திருக்கும் இடத்தில் தேடினேன். நான் எழுதியது அங்கே இருந்தது. மே பத்தாம் தேதி கடிகாரம் அதைத் திருத்தியிருக்கிறார். அன்றைக்கே திரையின் புரோகிராமையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சஸ்பெண்ட் ஆகி இரண்டாம் நாள். திருத்திய பக்கத்தில் தேதியை மட்டும் பழையபடியே விட்டு, அதைத்தான் விசாரணைக்கு அனுப்பியிருக்கிறார்கள். உங்களுக்கு எதிரான சாட்சியத்தில் கையெழுத்து என்னுடையது.

அவரிடம் போய்க் கேட்டேன். கதவைச் சாத்தினார். “பக்கம் இப்ப சரியாத்தானே இருக்கு? கிளறினா முதல்ல மாட்டப்போறது நீதான். ஒரு நர்ஸ் போனா போகட்டும், ஆஸ்பத்திரி பாத்துக்கும்” என்றார்.

“அந்த நர்ஸ் எங்க அண்ணி சார்” என்றேன். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இது ஜூன் பன்னிரண்டாம் தேதி நடந்தது. இன்று ஜூலை பதினைந்து. இடையில் ஒன்பது கடிதம் எழுதிக் கிழித்தேன். பயம். வேலை போய்விடும் என்ற பயமில்லை. நீங்கள் என்னை இனி வாலு என்று கூப்பிடமாட்டீர்கள் என்ற பயம். அவ்வளவு சின்ன ஆள் நான்.

இரண்டு பதிப்பின் நகலையும் இன்று விசாரணைக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒரு நகல் இதோடு இருக்கிறது.

வாலு

*

ஆகஸ்ட் 4

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. முதல் பத்தியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. என் கண் பொய் சொல்லவில்லை. அதற்காக அழுதேன். உன் அண்ணன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

தப்பு யாருக்கும் வரும். அவசரத்தில் எடுத்து ஒட்டினாய், அதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. சந்தேகப்பட்டுக்கொண்டே ஊசி போட்டவள்தானே நானும். இரண்டு போனோடு நிறுத்தியிருக்கக் கூடாது. மருந்தை மேசையில் வைத்துவிட்டு, ‘போடமாட்டேன்’ என்று நின்றிருக்க வேண்டும். அந்தப் பாவம் என்னுடையது, உனக்குப் பங்கு தரமாட்டேன்.

ஆனால் அந்த ஐந்து வாரம்? நான் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவேன் என்று நீ கவலைப்பட்டுக் கொண்டிருந்தாயே, அந்த ஐந்து வாரத்தில் ஒரு தடவையாவது இப்படி யோசித்தாயா? புதுக் கம்ப்யூட்டர் ஏப்ரல் பதினெட்டில் வந்தது. மே பத்தில் மாற்றினார்கள். இருபத்திரண்டு நாள். இருபத்திரண்டு நாளும் அந்த வார்டில் ஏழாம் கட்டில் மட்டுமா இருந்தது? அந்த மருந்து அவன் ஒருவனுக்கா போனது?

மற்ற நர்சுகள் ஏன் தலையைக் குனிந்தார்கள் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அண்ணி

*

ஆகஸ்ட் 29

அண்ணிக்கு,

உங்கள் கேள்வியைப் படித்தேன். நான் யோசிக்கவில்லை அண்ணி. ஒரு தடவைகூட. நீங்கள், நான், அந்த ஒரு குழந்தை, இதைத் தாண்டி என் புத்தி போகவே இல்லை.

குழுவின் முன்னால் நேரில் போய்ச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. ஒரு பெரிய டாக்டர், “புரியற மாதிரி சொல்லும்மா” என்றார். ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தரும், எந்த இடம் என்று எழுதி வைப்பதுதான் என் வேலை, அதை நான் விசாரிக்காமல் எழுதினேன் என்றேன். உங்கள் கேள்வியையும் கேட்டேன். இருபத்திரண்டு நாளில் எத்தனை குழந்தைகள்? அந்தப் பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். அவர்களும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

வேலை போய்விட்டது. தாடி என் பக்கம் சாட்சி சொன்னார், அவருக்கும் போய்விட்டது. கடிகாரத்தின் மேல் விசாரணை நடக்கிறது.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இதற்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள்.

வாலு

*

செப்டம்பர் 22

வாலுக்கு,

உடம்பு பரவாயில்லை. என்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வார்டில் இல்லை. நானே வேண்டாமென்று சொல்லிவிட்டேன். இனி ஊசி எடுக்க மனசு வரவில்லை. ஒரு மேசையும் போனும் ஒரு பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள்.

பதினொரு பேர் வாலு. ஏழாம் கட்டிலைச் சேர்க்காமல் பதினொரு குழந்தைகள்.

மேட்ரன் எண்ணிக்கொண்டே வந்தார்கள். ஆறுக்கு மேல் எண்ண முடியாமல் தாளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். பல பேருக்கு ஒன்றிரண்டு நாள்தான் போயிருக்கிறது. ஏழு பேர் வந்து காதைப் பரிசோதித்துவிட்டுப் போனார்கள். ஐந்து பேருக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேருக்குக் கேட்பது குறைந்திருக்கிறது. அதில் ஒரு பெண் குழந்தையை அதன் அப்பா, கூப்பிட்டால் வருவதில்லை, பிடிவாதம் என்று அடித்துக்கொண்டிருந்தாராம். அவரிடம் நான்தான் சொன்னேன். மனிதர் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “அப்ப அது காதுல விழுந்தும் வராம இருக்கலையா?” என்று கேட்டார். இப்போது காதுக்குக் கருவி வைத்திருக்கிறார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பேச்சும் வராமல் போயிருக்கும் என்கிறார் காது டாக்டர்.

தையற்காரியைப் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டு, “ரெண்டு பேரும் ஒரே குடும்பமா?” என்றாள். ஆமாம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளிடம் எதையும் எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று பொய் எழுதமாட்டேன். எப்போது தீரும் என்றும் தெரியாது.

பட்டியலில் இன்னும் நான்கு பேர். போன் எண் மாறிவிட்டது, இல்லாவிட்டால் எடுப்பதில்லை. முகவரி மட்டும் இருக்கிறது. நேரில்தான் போக வேண்டும். கம்ப்யூட்டரில் என்ன நடந்தது என்று பெற்றவர்கள் கேட்பார்கள், கூட ஒரு ஆள் வேண்டும் என்றேன். யாரை அனுப்ப என்று குழுவில் கேட்டார்கள். உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் வந்து சேர். நடக்க வசதியான செருப்பாகப் போட்டுக்கொள். நான்கு வீடும் நான்கு திசையில் இருக்கிறது.

அண்ணி